அன்று எழுந்த சந்தேகத்தை இன்று ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பதிவேடுகளை எழுதும் பணியில் இருக்கிறேன். கடந்த ஜனவரியில், உறைபனி கடுமையாக இருந்த வாரத்தில் தயாரான ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறைத் தேயிலை) ஒரு லாட்டை வாங்கிய வெளிநாட்டு நிறுவனம், அதைக் கொதிநீரில் இறக்கிப் பார்த்தபோது தீய்ந்த வாடை தெரிந்ததாகவும், தங்கள் டீ டேஸ்டர் அதைப் 'பேக்கி', அதாவது சூடு கூடி உலர்ந்தது, என்று குறித்திருப்பதாகவும் எழுதி, அன்று என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டிருக்கிறது. பதிவேடு என் கையெழுத்தில் இருப்பதால் விளக்கக் கடிதத்தின் முதல் வரைவையும் நானே எழுத வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் தமிழ் வழியில் படித்தவள். கணக்கும் பட்டியலும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன். மனத்தில் தோன்றியதை எழுதுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

நடந்தது இதுதான். முந்தைய இரவு பனி விழுந்திருந்ததால், வாட்டும் தொட்டிகளில் பரப்பியிருந்த இலை ஒரே சீராக வாடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. காலையில் டிரையரின் வாயிலிருந்து விழுந்த தேயிலையை ஒரு கை அள்ளினேன். வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தது. ஆனால் தேயிலையோ உள்ளங்கை பொறுக்காத சூட்டோடும், ரொட்டியை அடுப்பில் கூடுதலாக வைத்துவிட்டால் வருமே அந்த மணத்தோடும் இருந்தது. வெப்பமானி குறைத்துக் காட்டுகிறதோ என்று அப்போதே சந்தேகம் வந்து, பதிவேட்டின் ஓரத்தில் அப்படியே குறித்தும் வைத்தேன். மேலாளரிடம் சந்தேகம் கேட்டேன். மறுநாள் மெக்கானிக் வந்து சோதித்ததில் அது குறைத்துக் காட்டியது உறுதியாயிற்று. ஆனால், லாரி கப்பல் நாளுக்குள் கொச்சித் துறைமுகம் போய்ச் சேருமா என்ற சந்தேகத்தில் அந்த லாட்டை அவசர அவசரமாகச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி முதல் நாள் மாலையே ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இதை நான் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஐ வாஸ் டவுட்டிங் வெதர் த லீஃப் இஸ் விதர்ட் ப்ராப்பர்லி." "ஐ டவுட்டட் தட் த தெர்மாமீட்டர் இஸ் ஷோயிங் லெஸ்." "ஐ ஆஸ்க்ட் எ டவுட் டு மை மேனேஜர்." "ஐ டவுட்டட் வெதர் த லாரி வில் ரீச் கொச்சின் இன் டைம்."

வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்திருந்த தணிக்கையாளர் ஒருவர் இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு, "அப்படியானால் வெப்பமானி சரியாகத்தான் காட்டியது என்று நினைத்தீர்களா?" என்று கேட்டார். நான் எழுத நினைத்தது அதற்கு நேர் எதிரானது. ஒரே சந்தேகம் எப்படி இப்படித் தலைகீழாகிறது என்பதும், இந்த நான்கு வாக்கியங்களையும் ஆங்கிலேயர் இயல்பாக எப்படி எழுதுவார்கள் என்பதும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: குன்னூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, வணக்கம். தணிக்கையாளர் கேட்டது முறையான கேள்விதான். உங்கள் வாக்கியத்தை வெளிநாட்டில் இருப்பவர் எவர் படித்தாலும் அப்படித்தான் பொருள்கொள்வார்.

தமிழில் சந்தேகம் என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும் தராசு முள். அது எந்தத் தட்டுக்குச் சாய்ந்தது என்பதை வினையின் ஈற்றில் நாம் சேர்க்கும் ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. "குறைத்துக் காட்டுகிறதோ" என்று நீங்கள் எழுதும்போது, குறைத்துத்தான் காட்டுகிறது என்ற பக்கம் உங்கள் மனம் பாதிக்கு மேல் போய்விட்டது. "போய்ச் சேருமா" என்று எழுதும்போது இரண்டு பக்கமும் திறந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டை நாம் யோசித்துச் செய்வதில்லை. வாயில் தானாக வருகிறது. பழந்தமிழில் ஐயத்துக்கென்றே 'கொல்' என்று ஓர் இடைச்சொல் இருந்தது, தொல்காப்பியமும் அதை அப்படியே சொல்கிறது. இன்று அந்த வேலையை ஓகாரமும் ஆகாரமும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ஈற்றில் சேர்க்க அப்படி ஓர் எழுத்து இல்லை. ஆகவே சாய்வை வினைச்சொல்லே சுமக்க வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கும் என்ற பக்கம் மனம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. அப்படி இருக்காது என்ற பக்கம் சாய்ந்தால் 'டவுட்'. எந்தப் பக்கமும் சாயாவிட்டால் 'நாட் ஷ்யூர்' அல்லது 'வொண்டர்'. "ஐ டவுட்டட் தட் த தெர்மாமீட்டர் வாஸ் ரீடிங் லோ" என்றால், வெப்பமானி குறைத்துக் காட்டுவதாக யாரோ சொன்னார்கள், எனக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பதே பொருள். நீங்கள் எழுத வேண்டியது "ஐ சஸ்பெக்டெட் தட் த தெர்மாமீட்டர் வாஸ் ரீடிங் லோ" என்பதாகும். டவுட் என்ற சொல்லை விட மனமில்லை என்றால் செயப்படுபொருளை மாற்றிக்கொள்ளலாம்: "ஐ டவுட்டட் த ரீடிங்", அதாவது அது காட்டிய அளவை நான் நம்பவில்லை. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. ஆனால் வாடிக்கையாளருக்கு எந்தத் திசையில் பிழை என்பது தெரிய வேண்டியிருப்பதால் நான் முன்னதையே பரிந்துரைப்பேன்.

என் மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பதுண்டு. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஓ வந்தால் சஸ்பெக்ட். ஆ வந்தால் நாட் ஷ்யூர். "அந்த லாரி எங்கே போய்ச் சேரப்போகிறது" என்று அலுத்துக்கொள்ளும் தொனி வந்தால் மட்டும் டவுட். ஓவோடு அச்சமும் சேர்ந்து, "கப்பல் போய்விடுமோ என்று இருந்தது" என்றால் 'அஃப்ரெய்ட்' அல்லது 'வரீட்'. உங்கள் லாரி வாக்கியத்தில் நீங்கள் உண்மையில் சொல்ல வந்தது இந்தக் கடைசி வகை என்று எனக்குப் படுகிறது. அவசரப்பட்டு ஏற்றினார்கள் என்றால் அதன் பின்னால் இருந்தது கவலை. "வீ வேர் வரீட் தட் த லாரி மைட் நாட் ரீச் கொச்சின் இன் டைம்" என்று எழுதினால் அந்த அவசரத்துக்கும் காரணம் புரிந்துவிடும்.

இடையில் ஒரு செய்தி. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் "ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்" என்றால் மழை வரும் போலிருக்கிறது என்று பொருள். பழைய ஆங்கில எழுத்திலும் டவுட் என்பது அஞ்சுதல், ஊகித்தல் என்ற பொருளில் வந்திருக்கிறது. ஆகவே உங்கள் வாக்கியம் எங்குமே செல்லாத காசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஸ்காட்லாந்துக்காரராக இருப்பார் என்று நம்பிக் கடிதம் எழுத முடியாது அல்லவா.

மறுமொழி: கூடலூர், மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியர் ஐயா சொன்ன சாய்வுக் கணக்கு பெரும்பாலும் சரி. ஒரு விலக்கை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "வந்தாரோ இல்லையோ" என்று ஓகாரம் இரட்டையாக வரும்போது சாய்வு போய்விடுகிறது. அந்த இடத்தில் சஸ்பெக்ட் பொருந்தாது. "ஐ டிட் நாட் நோ வெதர் ஆர் நாட் ஹி ஹேட் கம்" என்பதுதான் பொருந்தும்.

நான் எழுத வந்தது காலத்தைப் பற்றி. சகோதரியின் வாக்கியங்களில் மூன்றில் வினையின் காலம் பிழையாக இருக்கிறது. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் நான் அன்றாடம் திருத்தும் பிழையும் இதுவே. தமிழில் 'என்று' என்ற சொல் மனத்தில் ஓடியதை ஓடியபடியே நிறுத்தி வைக்கிறது. "சேருமா என்று சந்தேகமாக இருந்தது" என்னும்போது, இருந்தது என்பது மட்டும் இறந்த காலம். சேருமா என்பது அன்று மனத்தில் எழுந்த அதே எதிர்காலம். நாம் அதைத் தொடுவதில்லை, தொட வேண்டிய தேவையும் இல்லை. ஆங்கிலத்திலோ தலைமை வினை இறந்த காலத்துக்குப் போனால், அதைத் தொடரும் வாக்கியமும் ஒரு படி பின்னால் நகர வேண்டும். வில் என்பது வுட் ஆகும். இஸ் என்பது வாஸ் ஆகும். மே என்பது மைட் ஆகும். அதற்கும் முன்பே முடிந்துபோன செயலாக இருந்தால் ஹேட் சேரும். தமிழின் 'என்று' தரும் சுதந்திரத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் "ஐ டவுட்டட் வெதர் த லாரி வில் ரீச்" என்று நம் கை எழுதிவிடுகிறது.

இலை பற்றிய வாக்கியத்தில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. நீங்கள் சந்தேகப்பட்ட நேரத்தில் இரவு முடிந்திருந்தது. இலை வாடியதோ வாடாததோ அதற்கு முன்பே நடந்து முடிந்த செய்தி. தமிழில் "வாடியிருக்குமா" என்ற ஒரே சொல்லில் முடிந்த செயலும் அதைப் பற்றிய ஐயமும் சேர்ந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் "ஐ வாஸ் நாட் ஷ்யூர் வெதர் த லீஃப் ஹேட் விதர்ட் ஈவன்லி" என்று ஹேட் கொண்டுதான் அந்த முன்பின்னைக் காட்ட முடியும். மாறாக, தொட்டியில் இலையைப் பரப்பிய முன்மாலையிலேயே அந்தச் சந்தேகம் வந்திருந்தால் "வுட் விதர்" என்று எழுத வேண்டியிருக்கும். எந்த நேரத்தில் சந்தேகம் வந்தது என்பதைப் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். உலர்த்துவதற்கு முன்பே தெரிந்திருந்ததா என்று வாங்கியவர் கேட்கக்கூடும்.

"ஐ வாஸ் டவுட்டிங்" என்பதையும் விட்டுவிடலாம். நம்புதல், அறிதல், ஐயுறுதல் போன்ற மனநிலை வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாகத் தொடர்வினையாக வருவதில்லை. ஆனால் டவுட் பெயர்ச்சொல்லாகிவிட்டால் அந்தத் தடை தளர்ந்துவிடும்: "ஐ வாஸ் பிகினிங் டு ஹேவ் டவுட்ஸ்" என்பது முழுக்க இயல்பான வாக்கியம். 'வொண்டர்' என்ற வினைக்கும் இந்தத் தடை இல்லை.

எல்லா இடத்திலும் காலத்தை நகர்த்தியே தீர வேண்டும் என்றும் இல்லை. எப்போதும் உண்மையாக இருக்கும் செய்தியானால் நிகழ்காலத்தை விட்டுவைக்கலாம். "மலை ரயில் வெலிங்டனில் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை" என்பதை "ஐ வாஸ் நாட் ஷ்யூர் வெதர் த ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் வெலிங்டன்" என்றும் எழுதலாம், "ஸ்டாப்ட்" என்றும் எழுதலாம். கடிதத்தில் ஐயமிருந்தால் நகர்த்திவிடுவதே பாதுகாப்பு. நகர்த்தியதற்காக யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். அன்று எழுந்த சந்தேகம் வேறு, அன்று நடந்ததைப் பற்றி இன்று எழும் சந்தேகம் வேறு. "த தெர்மாமீட்டர் மே ஹேவ் பீன் ரீடிங் லோ" என்று எழுதினால், இதை எழுதும் இந்த நிமிடத்திலும் உங்களுக்கு உறுதியில்லை என்றாகிவிடும். மெக்கானிக் சோதித்து உறுதி செய்த பின் அப்படி எழுதுவது தவறான செய்தி. "ஐ தாட் த தெர்மாமீட்டர் மைட் பி ரீடிங் லோ" என்றால்தான் சந்தேகம் அன்றைய காலையோடு நின்றுவிடும். பல விளக்கக் கடிதங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். எழுதியவருக்கு அன்று தெரியவில்லையா, இன்றும் தெரியவில்லையா என்று படிப்பவர் திணறுவார்.

மறுமொழி: கொடைக்கானல், சுற்றுலா வழிகாட்டி

மூன்றாவது வாக்கியத்தை இருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். "ஆஸ்க்ட் எ டவுட்" என்பது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன வழக்கு. இங்கே 'டவுட் இருக்கிறது' என்றால் கேள்வி இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது. இந்தியர் இந்தியருக்கு எழுதும்போது அதைக் குற்றமாகச் சொல்வது வீண் வேலை என்பதே என் கருத்து. இத்தனை கோடிப் பேர் புரிந்துகொண்டு பேசும் ஒன்றைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வெளிநாட்டு விருந்தினர் முன்னால் அந்த வழக்கு வேறு முகம் காட்டும். அறை பதிவு செய்திருந்த ஒருவரிடம் இங்கே ஒரு தம்பி, "சார், ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் புக்கிங்" என்று பணிவாகத்தான் கேட்டார். வந்தவர் உடனே தன் அலைபேசியில் இருந்த பணம் கட்டிய ரசீதைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். தான் பணம் கட்டியதையே நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தம்பிக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அவர்கள் எத்தனை பேர் என்பது மட்டுமே.

ஆகவே "ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் அபவுட் இட்" என்று சுருக்கமாக எழுதிவிடுங்கள். நீங்கள் கேள்வி கேட்காமல் கவனத்துக்குக் கொண்டுபோனீர்கள் என்றால் "ஐ ரெய்ஸ்ட் இட் வித் மை மேனேஜர்" என்பது இன்னும் பொருந்தும். ஆஸ்க்ட் என்ற சொல்லுக்குப் பின், யாரிடம் கேட்டோமோ அவரைக் குறிக்க 'டு' வராது என்பதையும் கவனியுங்கள்.

பேச்சில் ஆங்கிலேயர் டவுட் என்ற வினையை நாம் நினைக்கும் அளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்பதும் இத்தனை காலம் அவர்களோடு மலை ஏறி இறங்கியதில் நான் கவனித்தது. 2018ஆம் ஆண்டில் குறிஞ்சி பூத்தபோது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ தாங்கள் வந்த நாளில் கண்ணில் படுமா என்று எத்தனையோ பேர் சந்தேகத்தோடுதான் வந்தார்கள். பார்த்த பிறகு அவர்கள் சொன்னது பெரும்பாலும் "ஐ டிட்ன்ட் திங்க் வீ வுட் சீ இட்" என்பதே. "ஐ தாட் வீ வுட் நாட் சீ இட்" என்று எதிர்மறையைப் பின்னால் வைப்பவர்கள் குறைவு. அப்படி வைத்தால் காணாமலே திரும்புவோம் என்று முடிவு கட்டியிருந்ததுபோல் அழுத்தம் கூடிவிடுகிறது. எதிர்மறையை நினைப்பின் மேல் ஏற்றிவிடுவது அவர்கள் பழக்கம். தமிழிலும் "பார்ப்போம் என்று நினைக்கவில்லை" என்று சொல்கிறோம் என்பதால் இது நமக்கு எளிதில் கைவரக்கூடியதே.

'ஹேட் மை டவுட்ஸ்' என்பதைக் கடிதத்தில் எச்சரிக்கையோடு கையாளுங்கள். "ஐ ஹேட் மை டவுட்ஸ் அபவுட் த டிரையர்" என்றால் டிரையரை நான் ஒருபோதும் நம்பியதில்லை, என் கணிப்புதான் கடைசியில் சரியாகப் போயிற்று என்ற மெல்லிய குத்தல் அதில் ஒலிக்கும். நண்பரிடம் சொல்லலாம். மேலாளர் கையெழுத்துப் போடும் கடிதத்தில் வேண்டாம். அதேபோல் 'நோ டவுட்' என்று தொடங்கும் வாக்கியத்தை ஐயமே இல்லை என்று நம்மவர்கள் எழுதுவார்கள். "நோ டவுட் த மெக்கானிக் வாஸ் பிஸி" என்றால் அவருக்கு வேலை இருந்திருக்கும், அதனால்தான் வரவில்லை போலும் என்ற ஊகமே ஆங்கிலத்தில் கேட்கும். உறுதியைச் சொல்ல வேண்டுமானால் "தேர் இஸ் நோ டவுட் தட்" என்று முழுதாக எழுத வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி திருத்தி எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர், 'சஸ்பெக்டெட்' என்ற சொல்லில் மட்டும் பேனாவை வைத்து நிறுத்திவிட்டார். காலையிலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று நாமே எழுதிக் கொடுத்தால், பிறகு ஏன் மாலையில் லாட்டை அனுப்பினீர்கள் என்று அவர்கள் கேட்க மாட்டார்களா என்பது அவர் வாதம். அதற்குப் பதில் "ஐ வாஸ் நாட் என்டயர்லி ஷ்யூர் அபவுட் த ரீடிங்" என்று எழுதச் சொல்கிறார். இரண்டுக்கும் பொருளில் எவ்வளவு வேறுபாடு? நான் பதிவேட்டில் எழுதியிருப்பது "குறைத்துக் காட்டுகிறதோ" என்பதுதான். கேட்டால் அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்ப வேண்டியிருக்கும்.

மறுமொழி: குன்னூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

உங்கள் மேலாளரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் நினைக்கும் அளவுக்கு அவருடைய வாக்கியம் மென்மையானதன்று. 'நாட் என்டயர்லி ஷ்யூர்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், எழுதியவருக்குப் பெரிய ஐயம் இருந்தது, மரியாதைக்காகக் குறைத்துச் சொல்கிறார் என்றே படித்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூடி மறைப்பதற்கு அது உதவாது. மேலும் அதில் திசை இல்லை. வெப்பமானி கூட்டிக் காட்டியிருந்தால் தேயிலை சரியாக உலராமல் போயிருக்கும்; குறைத்துக் காட்டியதால்தான் உள்ளே சூடு கூடித் தீய்ந்த வாடை வந்தது. பேக்கி என்ற குற்றச்சாட்டுக்கு விளக்கம் சொல்லும் கடிதத்தில் அந்தத் திசைதான் உயிர். அதை விட்டுவிட்டால் கடிதம் எதையும் விளக்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

இருவருக்கும் ஒத்துவரக்கூடிய ஒரு நடுவழி உண்டு. "இட் சீம்ட் டு மீ தட் த தெர்மாமீட்டர் மைட் பி ரீடிங் லோ, அண்ட் ஐ மேட் எ நோட் ஆஃப் இட்." எனக்கு அப்படித் தோன்றியது, குறித்து வைத்தேன் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. சஸ்பெக்ட் என்ற சொல்லில் ஒரு காவல் நிலைய வாடை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பொருளைப் பற்றி எழுதும்போது அது பெரிதாகத் தெரியாது, ஆட்களைப் பற்றி எழுதும்போது உறுத்தும். "வீ சஸ்பெக்டெட் த மெக்கானிக்" என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி: கொடைக்கானல், சுற்றுலா வழிகாட்டி

நான் இதில் ஐயாவோடு ஒத்துப்போகவில்லை. பதிவேட்டில் ஓகாரத்தோடு எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் நாளைக்கு மொழிபெயர்க்கப்பட்டால் அங்கே சஸ்பெக்டெட் என்றுதான் வரும். கடிதத்தில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்றால் தேயிலையை விட்டுவிட்டு உங்கள் சொல்லைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அனுப்பியதற்கான காரணம் கப்பல் நாள். அதைத்தான் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்களே. சந்தேகம் வந்தது, சொன்னேன், சோதிக்க மறுநாள்தான் ஆள் கிடைத்தார், அதற்குள் லாரி ஏறிவிட்டது என்று வரிசையாக எழுதினால் கேள்வியும் பதிலும் கடிதத்திலேயே முடிந்துவிடும்.

மறுமொழி: கூடலூர், மொழிபெயர்ப்பாளர்

எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது என்பதை நீங்களும் மேலாளரும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வழிகாட்டி அவர்கள் பக்கம்தான். இலக்கணத்தில் இரண்டு சிறு செய்திகள் எஞ்சியிருக்கின்றன.

பதிவேட்டில் "இன்று காலை", "நாளை மெக்கானிக் வருவார்" என்று எழுதியிருப்பீர்கள். கடிதத்துக்கு மாற்றும்போது வினையை மட்டும் பின்னால் நகர்த்திவிட்டு இந்தச் சொற்களை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. "திஸ் மார்னிங்" என்பது "தட் மார்னிங்" ஆக வேண்டும். "டுமாரோ" என்பது "த நெக்ஸ்ட் டே" ஆக வேண்டும். "நேற்று இரவு பனி" என்று குறித்திருந்தால் அது "த நைட் பிஃபோர்".

அடுத்தது, மெக்கானிக் சோதித்த வரி. அங்கே நீங்கள் நிற்பது மறுநாளில். சந்தேகம் வந்ததோ அதற்கு முந்தைய நாளில். ஆகவே அந்த ஒரு வரியில் மட்டும் சந்தேகத்துக்கும் ஹேட் சேரும்: "வென் த மெக்கானிக் டெஸ்டெட் த தெர்மாமீட்டர் த நெக்ஸ்ட் டே, இட் வாஸ் ஃபவுண்ட் டு பி ரீடிங் லோ, ஆஸ் ஐ ஹேட் சஸ்பெக்டெட்." மேலாளர் அந்தச் சொல்லை ஏற்கவே மாட்டார் என்றால் கடைசி நான்கு சொற்களை வெட்டிவிட்டு 'லோ' என்ற சொல்லோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள்; வாக்கியத்துக்கு ஒரு குறையும் வராது. அந்த இடத்தில் "ஆஸ் ஐ டவுட்டட்" என்று எழுதிவிட்டால் மட்டும் தணிக்கையாளர் கேட்ட அதே கேள்வியை வாங்கியவரும் கேட்பார்.